ஆடிட் பயிற்சியில் சேருகிறவர்களுக்கு: வேலையும் படிப்பும் ஒரே ஓட்டத்தில் போக

கணக்கியல், தணிக்கை படித்துக்கொண்டே ஒரு ஆடிட் நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேரப்போகிறவர்களுக்கும், சேர்ந்து சில வாரங்களாகியும் தான் செய்கிற வேலை எங்கே போய்ச் சேருகிறது என்று புரியாமல் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நிறையப் பேர் வேலையை ஒரு பக்கமும் பரீட்சையை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு, இதற்கு நேரம் கொடுத்தால் அது கெடுகிறது, அதற்குக் கொடுத்தால் இது கெடுகிறது என்று பயிற்சிக் காலம் முழுக்கத் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பில் பெரும்பகுதி தேவையில்லாதது என்று உறுதியாக நம்புகிறேன். பகலில் ஒரு வவுச்சரை எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்த்தவருக்கு ராத்திரி அந்தப் பாடம் பழகிய பாடமாக இருக்கும். தெரியாமல் டிக் போட்டவருக்கு இரண்டுமே சுமைதான். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சேருவதற்கு முன்

முதலில் நீங்கள் பதிவு செய்யப்போகும் தொழில் அமைப்பின் பயிற்சி விதிகளை நீங்களே உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள், நண்பர் சொன்னார் என்று நம்ப வேண்டாம். இந்தியாவில் பட்டயக் கணக்காளர் கழகமான ஐசிஏஐயின் ஆர்ட்டிகிள்ஷிப் (கட்டாய அலுவலகப் பயிற்சி) முன்பு 3 ஆண்டுகள், 2023இல் வந்த புதிய திட்டத்தில் அது 2 ஆண்டுகள்; பிரிட்டனின் கணக்காளர் அமைப்பான ஏசிசிஏ 36 மாத அனுபவம் கேட்கிறது, அதுவும் வெறும் மாதக் கணக்கு போதாது, என்னென்ன திறன்கள் வந்தன என்று மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தத் தேதியிலிருந்து காலம் கணக்காகும், விடுப்பு எவ்வளவு, நடுவில் நிறுவனம் மாறினால் என்ன ஆகும், பதிவுப் படிவத்தை எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். படிவம் தாமதமாகப் போனதால் உழைத்த மாதங்கள் கணக்கில் வராமல் போவது இந்தத் துறையில் நடக்கிற விஷயம்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்ப்பதைவிட, அங்கே உங்கள் வேலையை யார் உட்கார்ந்து பார்ப்பார் என்று கேளுங்கள். பெரிய நிறுவனத்தில் ஒரு பெரிய கிளையன்டின் ஒரே ஒரு பகுதியை, சொல்லப்போனால் சொத்துப் பதிவேட்டை மட்டும், ஆழமாகப் பார்ப்பீர்கள். முறையான பயிற்சி வகுப்புகளும் இருக்கும். சின்ன நிறுவனத்தில் வவுச்சர் தொடங்கி இருப்புநிலைக் குறிப்பு வரை ஒரே ஆளாகக் கண்ணால் பார்த்துவிடலாம், வரி வேலையும் கணக்கு எழுதும் வேலையும் சேர்ந்து வரும், ஆனால் சொல்லிக்கொடுப்பவருக்கு நேரம் இருந்தால்தான் உண்டு. இரண்டிலும் நல்லவர்கள் உருவாகிறார்கள். நேர்காணலில் தயங்காமல் கேட்க வேண்டியவை: முதல் ஆண்டில் என்ன மாதிரி கிளையன்ட்கள், குழு மாற்றுவார்களா, பரீட்சை விடுப்பை எப்போது சொல்ல வேண்டும், ரிவ்யூ யார் செய்வார். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்தில் பிற்பாடு எதையும் கேட்க முடியாது.

அப்புறம் இரட்டைப் பதிவு முறை. லூக்கா பாசியோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில் விவரித்த அதே பற்று வரவுதான் இன்றைய மென்பொருளுக்குள்ளும் ஓடுகிறது. கடன் விற்பனை, திரும்பி வந்த சரக்கு, முன்பணம், தேய்மானம், ஆண்டு முடிவில் கொடுபட வேண்டிய செலவு, வராக்கடன் ஒதுக்கீடு ஆகியவற்றின் பதிவுகளை யோசிக்காமல் எழுத வர வேண்டும். பற்றா வரவா என்று தடுமாறுகிறவரால் கிளையன்டின் கணக்காளர் சொல்வது சரியா என்று யோசிக்கவே முடியாது, ஏனென்றால் மூளை முழுக்க அந்தத் தடுமாற்றத்திலேயே செலவாகிவிடும்.

எக்ஸெல்லில் பிவட் டேபிள், எக்ஸ்லுக்கப், சம்இஃப்ஸ், டூப்ளிகேட் கண்டுபிடிப்பது ஆகியவை தெரிந்தால் முதல் ஆறு மாதத்துக்குப் போதும். தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்துகள்தான் முக்கியம். கிளையன்ட் தந்த தரவை ஒரு ஷீட்டில் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். மறைத்து வைத்த வரிசைகள் இருக்கிறதா பாருங்கள், எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருந்தால் கூட்டலில் சேராது, ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தினால் முழுப் பட்டியலும் குலைந்துவிடும்.

முதல் வாரங்கள்

உங்களுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்து "இதிலிருந்து 25 எடுத்து வவுச்சிங் பண்ணு" என்பார்கள், அதாவது பதிவுகளை ஆதார ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார் என்று. உடனே எடுக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் அந்தப் பட்டியலின் மொத்தம் லெட்ஜரின் (பேரேட்டின்) மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா, லெட்ஜர் இருப்பு டிரையல் பேலன்ஸில் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியலில்) இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத பட்டியலிலிருந்து எத்தனை எடுத்துப் பார்த்தாலும், பட்டியலில் வராத பரிவர்த்தனைகளைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பலரும் தாண்டிப் போகிற இந்த ஐந்து நிமிட வேலையை நீங்கள் தாண்டாதீர்கள்.

எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். 7,830 என்பது 7,380 என்று ஏறியிருந்தால் வித்தியாசம் 450, அது 9ஆல் மீதமில்லாமல் வகுபடும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் எப்போதும் இப்படித்தான். பற்றில் போக வேண்டியது வரவில் போயிருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும், அதனால் 1,240 இடித்தால் 620ஐத் தேடுங்கள். பழைய முறைதான், இன்றைக்கும் பயன்படுகிறது.

சரி, இப்போது வவுச்சிங். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் சலித்துப்போகிறார்கள், உண்மையில் தணிக்கைப் பாடத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் கேட்கிற கேள்வி மாறும். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் விற்பனையை எடுத்து, அதற்கு இன்வாய்ஸ், டெலிவரி சலான், வாடிக்கையாளரின் ஆர்டர் இருக்கிறதா என்று பின்னோக்கிப் போனால், பதிவான விற்பனை உண்மையில் நடந்ததா என்று சோதிக்கிறீர்கள். டெலிவரி சலான் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அது இன்வாய்ஸ் ஆகி லெட்ஜரில் ஏறியதா என்று முன்னோக்கிப் போனால், நடந்த விற்பனை எல்லாம் பதிவானதா என்று சோதிக்கிறீர்கள். முதல் திசையில் ஆயிரம் வவுச்சர் பார்த்தாலும் விட்டுப்போன விற்பனை ஒன்றுகூட அகப்படாது. லாபத்தைக் கூட்டிக் காட்ட நினைக்கிற நிறுவனத்தில் முதல் திசைக்கு அதிக வேலை, வரியைக் குறைக்க நினைக்கிற நிறுவனத்தில் இரண்டாவது திசைக்கு அதிக வேலை. இது புரிந்த அன்றைக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் 'இருப்பு', 'முழுமை', 'துல்லியம்', 'காலப் பிரிப்பு', 'உரிமை', 'மதிப்பீடு' என்று வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்திருக்கும் வலியுறுத்தல்களை, அதாவது ஒவ்வொரு எண்ணைப் பற்றியும் நிர்வாகம் சொல்லாமல் சொல்லும் உறுதிகளை, மறக்கவே மாட்டீர்கள்.

வவுச்சர் கையில் வந்ததும் தொகையை மட்டும் பார்த்து டிக் போடாதீர்கள். அது கிளையன்டின் பெயருக்கு எழுதப்பட்டதா, தேதி இந்த ஆண்டுக்குள் இருக்கிறதா, ஒப்புதல் கையெழுத்து போட்டவருக்கு அந்தத் தொகைக்கு அதிகாரம் உண்டா, சரியான கணக்குத் தலைப்பில் ஏறியதா, இயந்திரம் வாங்கியதைப் பழுதுபார்ப்புச் செலவில் போட்டிருக்கிறார்களா, வரி தனியாகப் பிரிக்கப்பட்டதா என்பவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி.

தேர்ந்தெடுத்த 25இல் ஒன்றின் வவுச்சர் கிடைக்கவில்லை என்று வையுங்கள். "அதை விட்டுட்டு வேற ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று கிளையன்ட் தரப்பில் சிரித்த முகத்தோடு சொல்வார்கள். எடுக்கக் கூடாது. சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகளில் (ஐஎஸ்ஏ) ஒன்றான ஐஎஸ்ஏ 530 தெளிவாகச் சொல்கிறது: தேர்ந்தெடுத்த அந்த ஒன்றுக்கு வேறு பொருத்தமான வழியிலும் சோதனை செய்ய முடியவில்லை என்றால் அதைப் பிழையாகவே கருத வேண்டும். முறைப்படி ரத்து செய்யப்பட்ட காசோலை போல, சோதனையே பொருந்தாத ஒன்றாக இருந்தால் மட்டும்தான் மாற்று எடுக்கலாம். கிடைக்காத வவுச்சர்தான் அந்த 25இல் மிக அதிகமாகத் தகவல் சொல்கிற வவுச்சராக இருக்கக்கூடும்.

வங்கியும் கிடங்கும்

நிறுவனக் கணக்கில் உள்ள வங்கி இருப்பையும் வங்கி ஸ்டேட்மென்டில் உள்ள இருப்பையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் புதியவர்களிடம்தான் முதலில் கொடுப்பார்கள், எளிது என்று. மொத்தம் ஒத்துப்போனால் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம், ஒத்துப்போக வைத்திருக்கும் இடைப்பட்ட வரிகளில்தான் வேலை இருக்கிறது. ஆண்டு முடிவு டிசம்பர் 31 என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் "கொடுத்து இன்னும் வங்கியில் கழியாத காசோலை" என்று இரண்டு வரி. ஒன்று 48,600, டிசம்பர் 29இல் எழுதியது. ஜனவரி மாத ஸ்டேட்மென்டில் 6ஆம் தேதி கழிந்திருக்கிறது. இயல்பானது, குறித்துக்கொண்டு போகலாம். இன்னொன்று 2,15,000, டிசம்பர் 31இல் எழுதியது, பிப்ரவரி 20இல்தான் கழிந்திருக்கிறது. ஏழு வாரம் ஒரு சப்ளையர் பணத்தை வாங்காமல் காத்திருப்பாரா? பெரும்பாலும் காசோலை எழுதப்பட்டு மேசை டிராயரிலேயே இருந்திருக்கும். அப்படியானால் டிசம்பர் 31இல் அந்தக் கடன் இன்னும் நிலுவைதான், வங்கி இருப்பும் அவர்கள் காட்டுவதைவிட அதிகம், இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு எண்களும் மாற வேண்டும்.

மறுபக்கம் "போட்டு இன்னும் வங்கியில் சேராத பணம்" என்ற வரி இதைவிடக் கவனம் கேட்கிறது. டிசம்பர் 31இல் வரவு வைத்த தொகை ஜனவரி 25இல்தான் வங்கியில் தெரிகிறது என்றால், அது உண்மையில் டிசம்பரில் வந்த பணமா, இல்லை ஜனவரி வசூலை முன்தேதியிட்டுப் பதிந்திருக்கிறார்களா, இல்லை யாரோ எடுத்த பணத்தை அடுத்த வசூலை வைத்து மூடிக்கொண்டு வருகிறார்களா என்ற மூன்று கேள்வியும் எழ வேண்டும். பதில் பெரும்பாலும் சாதாரணமானதாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆண்டு முடிவுக்குப் பிந்தைய ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியையும் பின்தொடர்ந்து பார்ப்பதுதான் அந்த வேலை.

வங்கியிடமிருந்தும் கடன்பட்டோரிடமிருந்தும் நேரடியாக உறுதிக் கடிதம் பெறுவது ஐஎஸ்ஏ 505இல் வருகிறது. இதில் பயிற்சியாளருக்குக் கொடுக்கப்படும் வேலை முகவரி எழுதுவது, அனுப்புவது, பதிலைக் கோப்பில் சேர்ப்பது. அலுவலக உதவியாளர் வேலை மாதிரி தோன்றும். சத்யம் நிறுவன மோசடி 2009 ஜனவரியில் வெளியே வந்தபோது, கணக்கில் இருந்த வங்கி இருப்பில் பெரும்பகுதி இல்லவே இல்லை என்று தெரிந்தது. தணிக்கையாளர்கள் அந்த உறுதிக் கடிதங்களைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளவில்லை என்பது அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பான பிசிஏஓபி 2011இல் சொன்ன முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2020இல் ஜெர்மனியின் பணப் பட்டுவாடா நிறுவனமான வயர்கார்டில் 190 கோடி யூரோ இதே போல் இல்லாமல் போனது. ஆகவே கடிதத்தை நீங்களே அனுப்புங்கள், முகவரியைக் கிளையன்ட் தந்ததோடு நிறுத்தாமல் வேறு வழியில் சரிபாருங்கள், பதில் நேராக உங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும். "நாங்களே வாங்கித் தந்துடறோம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிடுங்கள், பிறகு சீனியரிடம் அப்படிக் கேட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

சரக்கு எண்ணிக்கைக்குப் போவது பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அங்கேதான் எண்களுக்குப் பின்னால் இருக்கும் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்காவின் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் நிறுவனத்தில் 1938இல் அம்பலமான மோசடியில் சுமார் 8.7 கோடி டாலர் சொத்தில் 1.9 கோடி டாலர் அளவுக்குச் சரக்கும் வரவேண்டிய தொகையும் கற்பனையாக இருந்தன. கிடங்குக்குப் போய்ப் பார்ப்பது அப்போது அங்கே தணிக்கையில் பொது வழக்கமாக இல்லை, அதற்குப் பிறகுதான் கட்டாயமானது. நீங்கள் ஒரு கிடங்கில் நிற்பதற்குக் காரணம் அந்த வரலாறு.

போகும் முன் போன ஆண்டு எண்ணிக்கைக் குறிப்பையும், இந்த ஆண்டு எதில் அதிக மதிப்பு இருக்கிறது என்ற பட்டியலையும் பாருங்கள். மூடிய காலணி, ஒரு கிளிப் பலகை, பேனா போதும்; பென்சில் வேண்டாம். எந்தப் பொருளை நீங்கள் எண்ணப்போகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இங்கேயும் இரண்டு திசை: பட்டியலில் இருப்பதைத் தரையில் தேடுங்கள், தரையில் இருப்பதைப் பட்டியலில் தேடுங்கள். அடுக்கின் முன்வரிசையை மட்டும் எண்ணிப் பெருக்காமல் நடுவில் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், சீல் வைத்த பெட்டி சிலவற்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தூசி படிந்து கிடப்பது, பழைய மாடல், நனைந்தது என்று கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள், மதிப்பைக் குறைக்க வேண்டுமா என்று பிற்பாடு யோசிக்கும்போது உங்கள் அந்த ஒரு வரிதான் ஆதாரம். வேறு ஆளுடைய சரக்கு அங்கே வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கிளம்புவதற்கு முன் அன்றைய கடைசி சரக்கு வரவுச் சீட்டின் எண்ணையும் கடைசி டெலிவரி சலானின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதங்கள் கழித்து எந்த விற்பனை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பிரிக்க அந்த இரண்டு எண்கள்தான் கைகொடுக்கும், அன்றைக்கு விட்டால் அப்புறம் கிடைக்காது.

கேள்வி கேட்பது

கிளையன்டின் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அவருடைய வேலை இருக்கிறது, நீங்கள் அதன் நடுவில் போய் உட்காருகிறீர்கள். ஒரே ஆவணத்தை மூன்று முறை கேட்காமல் இருக்க ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: என்ன கேட்டேன், யாரிடம், எந்தத் தேதி, வந்ததா. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "இது ஏன் தப்பா இருக்கு?" என்றால் எதிரில் இருப்பவர் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார். "இந்த எண் எப்படி வருதுன்னு ஆரம்பத்திலிருந்து ஒரு தடவை காட்டுங்களேன்" என்றால் அவர் திரையைத் திருப்பிக் காட்டுவார், நீங்கள் கேட்க நினைக்காததும் அதில் தெரியவரும். பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் வேலையை விளக்கப் பிடிக்கும். விளக்கம் கேட்டதும் ஆவணத்தைக் கேளுங்கள், வாய்ப்பேச்சு மட்டும் போதிய ஆதாரமாகாது. "செலவு ஏன் 40 சதவீதம் கூடியது?" என்பதற்கு "வேலை அதிகம் இருந்துச்சு" என்று பதில் வந்தால், எந்த வேலை, எத்தனை ஆள், எந்த மாதத்திலிருந்து என்று எண்ணாக மாறும் வரை போக வேண்டும்.

சீனியரிடம் கேட்பதற்கு ஒரு அளவு: அரை மணி நேரம் முட்டிப் பார்த்தும் நகரவில்லை என்றால் கேளுங்கள், அதற்கு மேல் தனியாக உட்கார்ந்து நேரத்தை விட வேண்டாம். போகும்போது என்ன புரிந்தது, எதைப் பார்த்தீர்கள், எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள் என்ற மூன்றோடு போங்கள். "எனக்குப் புரியல" என்று மட்டும் சொல்கிறவருக்கு விடை கிடைக்கும், இப்படிப் போகிறவருக்கு விளக்கம் கிடைக்கும்.

பணித்தாள்

செய்த வேலையை எழுதி வைப்பதை நிறையப் பேர் வேலை முடிந்த பின் வரும் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். எழுதாத வேலை செய்யாத வேலைக்குச் சமம். ஐஎஸ்ஏ 230 வைக்கும் அளவுகோல், இந்தத் தணிக்கையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஆனால் அனுபவமுள்ள ஒரு தணிக்கையாளர் அந்தக் கோப்பைத் திறந்தால் என்ன செய்தார்கள், என்ன ஆதாரம் கிடைத்தது, என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று அவருக்குப் புரிய வேண்டும் என்பது. யார் செய்தார், எப்போது, யார் சரிபார்த்தார் என்பதும் இருக்க வேண்டும். அறிக்கை தேதியிலிருந்து வழக்கமாக 60 நாளுக்குள் கோப்பை இறுதி செய்துவிட வேண்டும் என்பதால், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது.

ஒரு உதாரணம். "பழுதுபார்ப்புச் செலவு சரிபார்க்கப்பட்டது, திருப்திகரம்" என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர், "பழுதுபார்ப்புச் செலவு லெட்ஜரின் மொத்தத்தை டிரையல் பேலன்ஸோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போகிறது. 50,000க்கு மேற்பட்ட 8 பதிவுகளையும் இன்வாய்ஸோடு பார்த்தேன். 7 பழுதுபார்ப்புதான். வரிசை எண் 5, 1,80,000, புதிய கம்ப்ரசர். சொத்தாகக் காட்ட வேண்டும். கிளையன்டின் கணக்கு மேலாளரிடம் சொன்னேன், திருத்தப் பதிவை ஒப்புக்கொண்டார். பிழைகளின் தொகுப்புத் தாளில் சேர்த்திருக்கிறேன்" என்று எழுதுகிறார். இரண்டாவதைப் படித்தவருக்கு மறுபடி கேட்க எதுவும் இல்லை. எதற்காகச் செய்தேன், எங்கிருந்து எடுத்தேன், என்ன செய்தேன், என்ன கிடைத்தது, முடிவு என்ன என்ற ஐந்தும் எந்தத் தாளிலும் இருக்கட்டும். பரீட்சையில் தணிக்கைத் தாளுக்கு விடை எழுதும்போது மதிப்பெண் கிடைப்பதும் இதே வடிவத்துக்குத்தான், அதனால் ஒவ்வொரு பணித்தாளும் ஒரு பயிற்சி விடை.

போன ஆண்டுக் கோப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதைத் திறந்து தேதியையும் எண்ணையும் மாற்றி முடித்துவிட ஆசை வரும், நேர நெருக்கடியில் எல்லோரும் அப்படித்தான் செய்வதாகவும் தோன்றும். போன ஆண்டுக் கோப்பு வழி காட்டும், இந்த ஆண்டுக்கு ஆதாரம் ஆகாது. முதலில் கிளையன்டிடம் இந்த ஆண்டு என்ன மாறியது என்று விசாரித்துவிட்டுத் திறந்தால், எந்தச் சோதனை இனி பொருந்தாது என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் தாளைச் சரிபார்த்தவர் எழுதும் ரிவ்யூ நோட்ஸ் வரும்போது மனம் சுருங்கும். வரட்டும். "பார்த்தேன்" என்று பதில் போட்டு மூடாமல், என்ன திருத்தினேன், எந்தத் தாளில் என்று எழுதுங்கள். கூடவே உங்களுக்கு வந்த குறிப்புகளைக் கிளையன்ட் பெயரில்லாமல் ஒரு நோட்டில் சேர்த்து வாருங்கள். சில மாதங்களில் ஒரே மாதிரி குறிப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும், அடுத்த தாளைக் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலை வைத்து நீங்களே ஒரு முறை ரிவ்யூ செய்துவிடலாம்.

படிப்பு

முதலில் பரீட்சைத் தேதியையும் நிறுவனத்தின் நெருக்கடி மாதங்களையும் ஒரே காலண்டரில் போடுங்கள். இரண்டும் மோதுகிற வாரங்கள் தெரிந்தவுடன், அதாவது பல மாதம் முன்னாலேயே, விடுப்பை எழுத்தில் கேளுங்கள். வேலைத் திட்டம் போட்ட பிறகு கேட்டால் யாருக்குமே சங்கடம்.

தினசரிப் படிப்புக்கு நான் சொல்வது, அன்றைய வேலையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். இன்றைக்குக் குத்தகை ஒப்பந்தம் ஒன்றைப் பார்த்தீர்களா, ராத்திரி குத்தகைக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16இன் அந்தப் பகுதியை எடுங்கள். வருவாய் சோதனை செய்தீர்களா, ஐஎஃப்ஆர்எஸ் 15இன் ஐந்து படிகளை அந்தக் கிளையன்டின் ஒப்பந்தத்துக்குப் பொருத்திப் பாருங்கள், எந்தக் கட்டத்தில் வருவாய் பதிவாக வேண்டும், அவர்கள் எந்தக் கட்டத்தில் பதிகிறார்கள் என்று. இப்படிச் செய்தால் பாடத்திட்டம் வரிசையாக முடியாது, அது உண்மை. அதற்கு வார இறுதி ஒரு நாளை ஒதுக்கி விட்டுப்போனவற்றை நிரப்ப வேண்டும். ஒருங்கிணைந்த கணக்குகள், செலவுக் கணக்கியல், நிதி மேலாண்மை போன்று அலுவலகத்தில் கண்ணில் படாத பாடங்களுக்கு அந்த நாள்தான்.

களைத்து வந்த ராத்திரியில் வாசிப்பு ஏறாது, கண் வரியில் ஓடும், மனதில் ஒன்றும் நிற்காது. அப்போது கணக்கு போடுங்கள், கை வேலை செய்தால் தூக்கம் தள்ளிப்போகும். புது அத்தியாயத்தை விடிகாலையில் அல்லது விடுமுறை நாளில் படியுங்கள். பரீட்சை விடுப்பைப் புதிதாகப் படிக்க ஆரம்பிக்கும் காலமாக வைத்துக்கொள்ள வேண்டாம். பாடத்திட்டத்தை ஒரு முறையாவது முடித்துவிட்டு விடுப்பில் நுழைந்து, பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து முழுதாக எழுதுங்கள். விடையைப் படித்துப் பார்த்து "தெரியும்" என்று நினைப்பதும் எழுதுவதும் வேறு வேறு.

ஒரு இடத்தில் மட்டும் அலுவலகமும் பரீட்சையும் பிரிகின்றன. அலுவலகத்தில் டெம்ப்ளேட் இருக்கிறது, மென்பொருள் கணக்கிட்டுத் தருகிறது. பரீட்சையில் வெறும் தாளும் ஒரு நிறுவனத்தின் கதையும்தான். அதனால் டெம்ப்ளேட்டில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'முக்கியத்துவ அளவு' என்று, அதாவது எவ்வளவு பெரிய பிழையைப் பொருட்படுத்த வேண்டும் என்று, மேலே ஒரு எண் நிரப்பப்பட்டிருக்கும். அது வருவாயிலிருந்து எடுக்கப்பட்டதா லாபத்திலிருந்தா, ஏன் என்று சீனியரிடம் கேளுங்கள். ஒரு முழு வினாவுக்கான விடை அந்த ஐந்து நிமிடப் பேச்சில் கிடைக்கும்.

மறுக்க வேண்டிய இடங்கள்

பார்க்காத வவுச்சருக்கு டிக் போடச் சொன்னால், பழைய தேதி போட்டுக் கையெழுத்து கேட்டால், போகாத கிடங்குக்குப் போனதாக எழுதச் சொன்னால் மறுங்கள். மரியாதையாக, ஆனால் தெளிவாக: "நான் பார்க்கல சார், பார்த்துட்டுப் போடறேன்." மேலும் அழுத்தினால் பார்ட்னரிடம் போங்கள், நிறுவனத்தில் நெறிமுறைக்கென்று தனி ஆள் இருந்தால் அவரிடம் போங்கள், அதுவும் நடக்காவிட்டால் உங்கள் தொழில் அமைப்பிடம் ஆலோசனை கேட்கலாம். பயிற்சியாளருக்கு இது பயமான விஷயம் என்று தெரியும், சம்பளமும் சான்றும் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் அந்த டிக்குக்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் பெயரின் முதலெழுத்து.

கிளையன்டின் பங்குகளை வைத்திருந்தாலோ, உறவினர் அங்கே வேலை பார்த்தாலோ வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ரகசியம் காப்பதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் லிஃப்டில் பேசுவது, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு "இந்தப் பதிவு புரியல" என்று கேட்பது, கிளையன்டின் டேட்டாவை இணையத்தில் கிடைக்கும் பிடிஎஃப் மாற்றியிலோ ஏஐ கருவியிலோ நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஏற்றுவது எல்லாம் அதில்தான் சேரும்.

பல மாதங்களாக வெறும் நகல் எடுப்பதும் ரிட்டர்ன் தட்டச்சு செய்வதுமாகவே போகிறது என்றால் புலம்ப வேண்டாம், செய்த வேலைகளைக் குறிக்கும் பயிற்சிப் பதிவேடான லாக்புக்கை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போய், எந்தெந்தப் பகுதி இன்னும் காலியாக இருக்கிறது என்று காட்டிக் கேளுங்கள். முதல் சில மாதங்கள் அப்படித்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஒரு ஆண்டு அப்படியே போவதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

லாக்புக்கை ஒவ்வொரு வேலை முடிந்ததும் நிரப்புங்கள், எந்தத் துறை கிளையன்ட், எந்தப் பகுதி, நீங்கள் தனியாகச் செய்தது எது, மேற்பார்வையில் செய்தது எது என்று. அந்தக் குழுவை விட்டு வேறு குழுவுக்குப் போகும் முன்பே சீனியரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள், அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் தேடிப் பிடிப்பது கடினம். கோப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: முடிந்தது எது, பாதியில் நிற்பது எது, கிளையன்டிடமிருந்து இன்னும் வர வேண்டியது எது, எந்த விளக்கத்துக்கு இன்னும் ஆவணம் கிடைக்கவில்லை, அங்கே யாரைக் கேட்டால் பதில் கிடைக்கும்.